சுவரில் தொங்கும் தூரநோக்கை அன்றாட வேலைக்குள் கொண்டுவருவது எப்படி? பினாங்கு நிறுவனங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டர்வொர்த், பிறை, பத்து காவான் பக்கம் நம்மவர்கள் நடத்தும் நிறுவனங்களுக்குள் நுழைந்தால், வரவேற்பறைச் சுவரில் இரண்டு சட்டங்கள் மாட்டியிருக்கும். ஒன்றில் தூரநோக்கு, இன்னொன்றில் பணிக்குறிக்கோள். "வட மலேசியாவின் மிக நம்பகமான போக்குவரத்து நிறுவனமாகத் திகழ்வோம்" என்பதுபோல ஒரு வரி இருக்கும். அதே அலுவலகத்தில் லாரிகளை அனுப்பும் மேசையில் இருப்பவரிடம், "ஒரே நேரத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் லாரி கேட்டால் யாருக்கு முதலில் அனுப்புவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "யார் அதிகமாகச் சத்தம் போடுறாங்களோ, அவங்களுக்கு" என்பார். அந்த வரிக்கும் அந்த மேசைக்கும் நடுவே இருக்க வேண்டியதுதான் வியூகம். அது இல்லாததால் நல்ல நிறுவனங்கள் வருடக்கணக்கில் உழைத்தும் அதே இடத்தில் நிற்கின்றன.

பத்து முதல் எழுபத்தைந்து பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். விளக்குவதற்குக் கற்பனையாக ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம்: பிறையில் 24 லாரிகள், 40 ஊழியர்கள். அதற்காக நான் கொடுக்கும் கணக்குகள் வழிமுறையைக் காட்டுவதற்கான எண்கள் மட்டுமே. உங்கள் தொழில் உணவு விநியோகமோ அச்சகமோ, எதுவானாலும் படிகள் மாறாது.

நான் உறுதியாக நம்பும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தூரநோக்கு, கையில் வந்த ஏதாவது ஒரு வேலையை "வேண்டாம்" என்று சொல்ல வைக்காதவரை அது வியூகமாக மாறவில்லை.

நம் மண்ணிலேயே ஒரு முன்னுதாரணம்

வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடிப் போகத் தேவையில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு ஐரோப்பிய முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டம் துண்டானால் தொழிலாளிக்கு வேலையும் போகும், லயத்து வீடும் போகும். "நம் மக்கள் நடுத்தெருவுக்கு வரக்கூடாது" என்ற எண்ணம் அன்று பலருக்கும் இருந்தது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அந்த எண்ணத்தை எப்படி வேலையாக மாற்றியது என்று கவனியுங்கள்.

என்ன செய்வது? விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் துண்டாகாமல் முழுதாக வாங்குவது. யார் பணத்தில்? பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களே சேர்க்கும் பங்குப் பணத்தில். எந்த அமைப்பில்? உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவில். முதலில் எங்கே? கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தில். நான்கு கேள்விகளுக்கும் நான்கு நேரான பதில்கள் இருந்தன. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசியவர்களுக்கு, பால் வெட்டி முடித்து வந்து நின்ற தொழிலாளியிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது: பத்து வெள்ளி. அவ்வளவு பெரிய நோக்கம் அவ்வளவு சிறிய, இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு செயலில் வந்து நின்றது. உங்கள் நிறுவனத்தின் "பத்து வெள்ளி" எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் கீழே உள்ள படிகள் எல்லாம்.

படி 1: வாசகத்தை விசாரியுங்கள்

"மிக நம்பகமான" என்றால் யாருக்கு? எந்த விஷயத்தில்? எந்த ஆண்டுக்குள்? உரிமையாளர், கணக்காளர், லாரி அனுப்பும் பொறுப்பாளர், மூத்த ஓட்டுநர் ஒருவர் ஆகிய நால்வரையும் அரை நாள் ஒன்றாக உட்கார வைத்து, தனித்தனித் தாளில் பதில் எழுதச் சொல்லுங்கள். பேசவிடாமல் எழுத வைப்பது முக்கியம். பேசவிட்டால் உரிமையாளர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். தாள்களை விரித்தால், ஒருவர் "சரக்கு சேதமாகாமல் போவது" என்றும், இன்னொருவர் "பில் தப்பில்லாமல் போவது" என்றும், ஓட்டுநர் "சொன்ன நேரத்துக்குப் போவது" என்றும் எழுதியிருப்பார்கள். ஒரே வரியின் கீழ் நாலு நிறுவனங்கள் நடந்துகொண்டிருப்பது அப்போது தெரியவரும்.

பிறகு வாடிக்கையாளர்களிடம் கேளுங்கள். பத்துப் பேருக்கு உரிமையாளரே தொலைபேசியில் அழைத்து, "எங்களால் உங்களுக்கு எப்போது தலைவலி வந்தது?" என்று கேட்டால் போதும். பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலைகளின் கிடங்குப் பொறுப்பாளர்களுக்குப் பெரும்பாலும் நேரம்தான் பெரிய கவலை. விமானச் சரக்கு ஏற்றும் நேரம் தவறினால் அவர்களுக்கு ஒரு நாள் போய்விடும்.

இதற்குப் பிறகு வாசகத்தைத் திருத்தி எழுதலாம்: "2028 முடிவதற்குள், பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு, 100 நடைகளில் 97 நடை குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் போய்ச் சேருவோம்." யாருக்கு, எங்கே, எவ்வளவு, எப்போதைக்குள் என்று எல்லாம் இதில் இருக்கிறது. சுவரில் பழைய வரியே இருக்கட்டும், அது விருந்தினருக்கு. வேலை செய்வதற்கு இந்த வரி.

எண் வைப்பதைப் பலர் தயங்குகிறார்கள். 1991 பிப்ரவரியில் மகாதீர் முகமது தூரநோக்கு 2020-ஐ அறிவித்தபோது, பத்தாண்டுக்கு ஒருமுறை நாட்டின் உற்பத்தி இரட்டிப்பாக வேண்டும், அதற்கு ஆண்டுக்குச் சராசரி 7 விழுக்காடு வளர்ச்சி வேண்டும் என்று கணக்கையும் சேர்த்தே சொன்னார். அப்படி ஒரு கணக்கு இருந்தால்தான் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் "எங்கே நிற்கிறோம்?" என்று கேட்க முடியும்.

பணிக்குறிக்கோளுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். யாருக்கு, என்ன வேலையை, எந்த முறையில் செய்கிறோம் என்பது ஒரே மூச்சில் சொல்லும்படி இருந்தால் போதும்.

படி 2: கணக்குப் புத்தகத்தை நடைவாரியாகப் பிரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். பலம், பலவீனம் என்று வெள்ளைப் பலகையில் எழுதுவது எளிது. அதில் எல்லா நிறுவனமும் "அனுபவமுள்ள ஊழியர்கள்" என்றுதான் எழுதும். கடந்த பன்னிரண்டு மாதப் பில்களை எடுத்து, வாடிக்கையாளர் வாரியாக, தடம் வாரியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் உண்மையைக் காட்டும்.

நம் எடுத்துக்காட்டு நிறுவனத்தில் இரண்டு வகை நடைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

பிறையிலிருந்து கிள்ளான் போய்த் திரும்பும் நடைக்கு 1,900 வெள்ளி வாங்குகிறார்கள். டீசல் 540, டோல் 200, ஓட்டுநர் படி 250 போக மீதி 910. பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் போகும் நடைக்கு 450 வெள்ளி. டீசல் 40, பாலத்து டோல் 50, படி 70 போக மீதி 290. உரிமையாளர் கண்ணுக்குக் கிள்ளான்தான் லாபம். 910 எங்கே, 290 எங்கே!

இப்போது லாரி எத்தனை மணி நேரம் சிறைப்பட்டுக் கிடந்தது என்று சேர்த்துப் பாருங்கள். கிள்ளான் நடைக்கு 22 மணி நேரம் ஆகிறது, ஆக மணிக்கு 41 வெள்ளி. பாயான் லெப்பாஸ் நடைக்கு 5 மணி நேரம், ஆக மணிக்கு 58 வெள்ளி. சிறிய நடைதான் அதிகம் தருகிறது.

இங்கேயே நிறுத்திவிட்டுக் "கிள்ளான் வேண்டாம்" என்று முடிவெடுப்பது அவசரம். அந்த 22 மணி நேரத்தைப் பிரித்தால், அதில் 6 மணி நேரம் கிடங்கு வாசலில் சரக்கு இறக்கக் காத்திருந்த நேரம். அதைக் கழித்தால் 16 மணி நேரம், மணிக்கு ஏறக்குறைய 57 வெள்ளி. அப்படியென்றால் கிள்ளான் தடத்தில் குறையில்லை. நேரம் குறிக்காமல் லாரியை வாசலில் நிறுத்தி வைக்கும் வாடிக்கையாளரிடம்தான் குறை. அந்தக் காத்திருப்பால்தான் மறுநாள் காலை லாரி பிறைக்குத் தாமதமாக வருகிறது. அதனால்தான் பாயான் லெப்பாஸ் நடை தவறுகிறது. "நம்பகம்" உடையும் இடமும் லாபம் கசியும் இடமும் ஒன்றாகவே இருக்கின்றன. எல்லா நிறுவனத்திலும் இவ்வளவு அழகாக ஒரே முடிச்சில் வந்து சேரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடைவாரியாகப் பிரிக்காமல் எந்த முடிச்சும் கண்ணில் படாது.

பணம் வரும் நாட்களையும் பாருங்கள். மாதம் 30,000 வெள்ளி பில் போடும் வாடிக்கையாளர் 120 நாள் கழித்துப் பணம் தந்தால், உங்கள் பணம் 120,000 வெள்ளி எப்போதும் அவரிடம் இருக்கிறது. டீசலும் சம்பளமும் 120 நாள் காத்திருக்காது.

படி 3: வெளியே மாறியதை எழுதுங்கள்

உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாதவை ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். போக்குவரத்துத் தொழிலுக்கு அண்மை ஆண்டுகளில் மட்டும் இவ்வளவு நடந்திருக்கிறது: 2023 ஜனவரி முதல் வாராந்தர வேலை நேர வரம்பு 48-லிருந்து 45 மணி நேரமானது. 2024 மார்ச்சில் தளவாடச் சேவைகளுக்கு 6 விழுக்காடு சேவை வரி வந்தது. அதே ஆண்டு ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. சரக்கு வாகனங்களுக்கு மானிய அட்டையில் 2 வெள்ளி 15 காசு என்று வைக்கப்பட்டது. 2025 பிப்ரவரி முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் தொடங்கி, குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது.

ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதனால் நம் கணக்கில் எது மாறும்?" என்று ஒரே வரி எழுதுங்கள். வேலை நேரம் சுருங்கியதால் ஓட்டுநர் வாசலில் காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் முன்பைவிட விலை கூடியிருக்கிறது. படி 2-இல் கண்ட முடிச்சு இன்னும் இறுகுகிறது.

வாய்ப்புகளையும் சேருங்கள். 1972-இல் இண்டெல் பாயான் லெப்பாஸில் தன் ஆலையைத் திறந்த காலத்திலிருந்து தீவின் தென்கிழக்கு மூலை தொழிற்சாலைகளால் வளர்ந்தது. 2014 மார்ச்சில் பத்து காவானையும் பத்து மவுங்கையும் இணைக்கும் இரண்டாவது பாலம் திறந்த பிறகு, பெருநிலத்தின் தென்பகுதியும் ஆலைகளின் பாதையில் வந்துவிட்டது. உங்கள் லாரிக் கொட்டகை எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதே ஒரு வியூகக் கேள்வி.

படி 4: எதை விடப் போகிறோம்?

ஏர்ஏசியாவை எல்லாருக்கும் தெரியும். 2001-இல் டோனி பெர்னாண்டஸும் அவருடைய கூட்டாளிகளும் பெரும் கடனோடு பெயரளவுக்கு ஒரு வெள்ளி விலை கொடுத்து அதை எடுத்தார்கள். "இனி எல்லாரும் பறக்கலாம்" என்பதுதான் அவர்கள் சொன்ன வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்ற எவற்றை விட்டார்கள் என்பதுதான் பாடம். இலவசச் சாப்பாடு இல்லை. பல வகை விமானங்கள் வைத்துக்கொள்ளவில்லை. விமானம் தரையில் நிற்கும் நேரத்தை வெட்டினார்கள். ஒவ்வொரு மறுப்பும் டிக்கெட் விலையைக் குறைத்தது. விட்டவை எல்லாம் ஒன்றுக்கொன்று துணை நின்றன.

நம் பிறை நிறுவனம் எழுத வேண்டிய தாள் இப்படி இருக்கலாம். நேரம் குறித்துத் தராத கிடங்குகளுக்கு ஜூலை முதல் புதிய ஒப்பந்தம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தால் மணிக்கு இவ்வளவு என்று காத்திருப்புக் கட்டணம். 60 நாளுக்கு மேல் கடன் கேட்பவருக்கு விலை வேறு. வீடு மாற்றும் வேலை, ஒற்றைச் சாமான் ஏற்றும் வேலை இனி இல்லை.

இதில்தான் நெஞ்சு பதறும். "வர்ற வேலையை வேண்டாம்னு சொல்றதா?" என்று குடும்பத்தில் மூத்தவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம், அவர்கள் ஒரே லாரியோடு தொடங்கி, வந்த வேலையை எல்லாம் செய்துதான் இந்த நிறுவனத்தைக் கட்டினார்கள். அவர்களிடம் படி 2-இன் கணக்கை வைத்துப் பேசுங்கள். தாளில் மணிக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டால், அவர்களே அடுத்த பெயரைச் சொல்வார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட வேண்டாம். விடும் வேலைக்கு ஈடான வருமானம் எங்கிருந்து, எந்த மாதம் வரும் என்று எதிரே எழுதிய பிறகே தேதி போடுங்கள்.

படி 5: காரணச் சங்கிலியைப் பின்னாலிருந்து கட்டுங்கள்

ராபர்ட் கப்லானும் டேவிட் நார்ட்டனும் 1992-இல் முன்வைத்த சமநிலை மதிப்பெண் அட்டை முறை, ஒரு நிறுவனத்தைப் பணம், வாடிக்கையாளர், உள்வேலை முறை, கற்றல் என்று நான்கு கோணங்களில் பார்க்கச் சொல்கிறது. பெரிய நிறுவனங்கள் இதில் ஐம்பது அளவீடுகளை அடைத்து வைக்கும். நமக்கு ஒரு சங்கிலி போதும்.

லாரி ஒரு மணி நேரத்தில் ஈட்டும் பணம் கூட வேண்டும் என்றால், நேரம் குறித்துத் தரும் ஆலைகளின் நடை கூட வேண்டும். அவர்கள் நம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், சொன்ன நேரத்தில் போக வேண்டும். அதற்கு, முதல் நாள் மாலை ஐந்து மணிக்குள் மறுநாள் அட்டவணை முடிந்து ஓட்டுநரின் கைப்பேசியில் இருக்க வேண்டும். அதற்கு, லாரி அனுப்பும் பொறுப்பாளருக்கு அட்டவணை போடும் பயிற்சியும், அவர் விடுப்பில் போனால் அந்த வேலையைச் செய்ய இன்னொருவரும் வேண்டும். ஆக, மூன்றாண்டுத் தூரநோக்கின் கடைசிக் கண்ணி ஒரு பயிற்சியில் வந்து முடிகிறது. அதை அடுத்த வாரமே தொடங்கலாம்.

படி 6: மூன்று மாதத் துண்டுகளாக வெட்டுங்கள்

இண்டெலில் ஆண்டி குரோவ் வளர்த்தெடுத்த ஓ.கே.ஆர். முறை இதற்கு நன்றாகப் பொருந்தும்: ஒரு நோக்கம், அது நிறைவேறியதைக் காட்டும் இரண்டு மூன்று அளவிடக்கூடிய விளைவுகள். முதல் காலாண்டுக்கு, "காத்திருப்பு நேரத்தைத் தெரிந்துகொள்வோம், குறைக்கத் தொடங்குவோம்" என்பது நோக்கமாக இருக்கலாம். விளைவுகள்: எல்லா நடைக்கும் வாசலில் நுழைந்த நேரமும் வெளியே வந்த நேரமும் பதிவாகியிருக்கும், அதிகம் காக்க வைக்கும் ஐந்து வாடிக்கையாளர்களுடன் பேசி முடித்திருப்போம், கிள்ளான் நடைகளின் சராசரிக் காத்திருப்பு 6 மணி நேரத்திலிருந்து 4 மணி நேரத்துக்கு இறங்கியிருக்கும்.

ஒவ்வொரு விளைவுக்கும் ஒரே ஒருவர் பெயர். "எல்லாரும் பொறுப்பு" என்று எழுதிய வரியை அடித்துவிடுங்கள்.

படி 7: பணமும் ஆளும் நகர்ந்தனவா?

வியூகம் மாறியும் வரவு செலவுத் திட்டம் சென்ற ஆண்டைப் போலவே இருந்தால் எதுவும் மாறவில்லை என்று பொருள். புதிய லாரி வாங்க ஒதுக்கிய முன்பணத்தில் ஒரு பகுதியை அட்டவணைப் பணிக்கும், ஜி.பி.எஸ். கருவிக்கும் திருப்ப வேண்டியிருக்கலாம். பத்து பேரோ அதற்கு மேலோ மலேசிய ஊழியர்கள் இருக்கும் நிறுவனம் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கார்ப்புக்குச் செலுத்துகிறது. அந்தப் பணத்தைப் பயிற்சிக்காகத் திரும்பப் பெறலாம். படி 5-இல் கண்ட பயிற்சிக்கு உரிய பணம் ஏற்கனவே உங்கள் கணக்கில் கிடக்கலாம், விண்ணப்பித்துப் பயன்படுத்துங்கள்.

படி 8: ஓட்டுநருக்குப் புரிகிறதா?

ஓட்டுநர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கொட்டகையில் இருப்பதில்லை. பெரிய கூட்டம் போட்டு, திரையில் படம் காட்டுவதால் பயனில்லை. தமிழிலும் மலாயிலும் ஒரே பக்கம் எழுதுங்கள்: எங்கே போகிறோம், எதை விட்டோம், உங்கள் வேலையில் என்ன மாறும், உங்களுக்கு என்ன கிடைக்கும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஓட்டுநரிடம் போகாதீர்கள். நடைக்கு இவ்வளவு என்று படி வாங்குபவருக்கு நீண்ட நடை குறைந்தால் வருமானம் குறையும். நேரத்துக்குப் போனதற்கு ஊக்கத்தொகை என்று படியை மாற்றி அமைக்காமல், ஓட்டுநர் ஒத்துழைக்கவில்லை என்று குறை சொல்வது அநியாயம்.

வாசல் நேரத்தைப் பதிவு செய்வது எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. லாரி அனுப்பும் மேசையில் இருக்கும் பெண் ஓட்டுநரிடம் கேட்கிறார்.

"அண்ணே, கேட்ல எத்தனை மணிக்குப் போனீங்க?"

"ஒம்பதேகாலுக்கே போயிட்டேன்மா. உள்ள விட்டது பன்னெண்டு மணிக்கு."

"கேட் சீட்டைப் படம் புடிச்சு அனுப்பிடுங்கண்ணே. இனிமே ரெண்டு மணி நேரத்துக்கு மேல போனா நாம பில் போடுறோம். அதுல உங்களுக்கும் பங்கு இருக்கு."

"அப்படியா? அப்ப நேத்து சீட்டும் இருக்கு, அதையும் அனுப்புறேன்."

அந்த வாசல் சீட்டுதான் இந்த நிறுவனத்தின் பத்து வெள்ளி.

படி 9: மாதம் ஒரு கூட்டம்

ஒரு மணி நேரம், ஒரே பக்கம், மூன்று எண்கள்: நேரத்துக்குப் போன விழுக்காடு, சராசரிக் காத்திருப்பு, லாரி மணிக்கு ஈட்டிய வெள்ளி. எண் இறங்கியிருந்தால் முதல் கேள்வி "என்ன தடுத்தது?" என்பதாக இருக்கட்டும். "யார் தப்பு?" என்று தொடங்கினால் அடுத்த மாதம் எண்கள் அழகாக இருக்கும், லாரிகள் அதே வாசலில் நிற்கும். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி மாதங்களில் சாலை நெரிசலும் விடுப்பும் எண்களைக் குலைக்கும். அந்த மாதங்களைச் சென்ற ஆண்டின் அதே பண்டிகைக் காலத்தோடு ஒப்பிடுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை, நம் ஊகமே தவறா என்று பாருங்கள். காத்திருப்பு குறைந்தும் புதிய ஆலைகள் வரவில்லையென்றால், நேரம்தான் அவர்களின் கவலை என்று படி 1-இல் கேட்டு அறிந்ததை மறுபடி அவர்களிடமே கேட்க வேண்டும்.

ஆறு ஏழு மாதத்தில் ஒரு நாள், நீங்கள் விட்ட வாடிக்கையாளர் இரண்டு மடங்கு சரக்கோடு திரும்பி வருவார். அந்த மாதம் பணம் இறுக்கமாகவும் இருக்கும். உடனே ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள்: இறக்கும் நேரத்தை எழுத்தில் தருவீர்களா? இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் காத்திருப்புக் கட்டணம் தருவீர்களா? 60 நாளில் பணம் தருவீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் அவர் புதிய வாடிக்கையாளர், லாரியை அனுப்புங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும், தன் லாரிகளில் நேரம் மிச்சம் வைத்திருக்கும் வேறொரு நிறுவனத்தின் எண்ணைக் கொடுத்து மரியாதையாக அனுப்பி வையுங்கள். அந்தப் பதிலை உரிமையாளர் சொல்லட்டும், அனுப்பும் மேசையில் இருக்கும் பெண்ணின் தலையில் அதைக் கட்டக்கூடாது.